காலைக் கலத்தை மீட்போம்!



ஒரு மக்களினத்தை வீழ்த்துதற்குப் படையும் வேண்டா, பகையும் வேண்டா. அதன் நாவினின்று அதன் மொழியை அகற்றினாற் போதும். அதே நாவினின்று அதன் உணவையும் அகற்றிவிட்டால், வீழ்ச்சி முழுமையுறும். முன்னதைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், சிறையும் சென்றிருக்கிறோம். பின்னதைப் பற்றிப் போதிய அளவு எண்ணிப் பார்த்தோமா? அதிலும், இரவு முழுதும் வெறிதாய்க் கிடந்த வயிற்றிற்குள் விடிந்தவுடன் முதன்முதலாகச் செல்லும் உணவு எது, அஃது எவருடையது, அதனால் நம் உடல் என்னாகிறது என்று ஒரு நாளேனும் நம் மன்றங்களில் கேட்டதுண்டா?

கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது. அதனைப் பட்டுக்குப் பேர்போன காஞ்சியிலிருந்தே கேட்கத் தொடங்குவோம்.

தறிக்குழியில் அமர்ந்த பசி

காஞ்சிப் பட்டின் புகழை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதனை நெய்கின்ற கையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். குழித்தறியில் இறங்கி அமர்ந்து, கால் மிதிக்க, கை நாடா எறிய, கண் சரிகை இழையினின்று இமைக்கும் நேரமும் விலகாதிருக்க, ஒருவன் நெய்துகொண்டிருப்பான். பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்தினின்று வருவது. நம்முடையதென்று நெஞ்சுயர்த்திச் சொல்லத்தக்கது அந்தக் கையும் அந்தக் கண்ணுமே. அந்தக் கைக்கும் கண்ணுக்கும் உரியவன் காலையில் என்ன உண்டான்?

ஒரு குவளைத் தேநீர். அதில் இரண்டு கரண்டி வெள்ளைச் சருக்கரை. உடன் ஒரு ‘பன்’ அல்லது நான்கு பிசுகட்டு. நண்பகல் வரை அவ்வளவே!

ஏன்? சோம்பலன்று. அவனுக்குக் கூலி நாட்கணக்கிலன்று, சேலைக் கணக்கில். ஒரு சேலைக்குப் பல நாள் உழைப்பு வேண்டும். அமர்ந்து உண்ணும் அரை மணி நேரமும் கூலியினின்று கழிகிறது. ஆகவே தெருமுனைக் கடைத் தேநீர் அவனுக்கு உணவாகிவிட்டது. நண்பகலில் கடும்பசியோடு எழுந்து, வெண்சோற்றை மலைபோற் குவித்து உண்கிறான். உண்டதும் மீண்டும் அதே குழியில் அமர்கிறான். காலுக்கு மிதியுண்டு, உடலுக்கு நடையில்லை. இரவு காலங்கடந்து மீண்டும் சோறு. விளைவு என்ன? நாற்பதை எட்டும் முன்னரே தொந்தியும் நீரிழிவும்! நீரிழிவு முற்றினால் விழித்திரையைப் பற்றும். கண்ணே முதலாக உடையவனுக்குக் கண்ணே போமெனில் பின்பு எது எஞ்சும்?

ஒன்றை எண்ணிப் பாருங்கள். பட்டு இழை அறாதிருத்தற்பொருட்டு, தறியில் ஏற்றும் முன்னர்ப் பாவினை அரிசிக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் உலர்த்துவது இவ்வூர் வழக்கம். கஞ்சி பெற்ற இழை இழுவையைத் தாங்கும். பாவுக்குக் கஞ்சி ஊட்ட மறவாத நம்மவன், தன் வயிற்றுக்குக் கஞ்சி ஊட்ட மறந்தான்! இழைக்கு வேண்டும் வலிமை உடலுக்கு வேண்டாவா?

பருத்த உடல், மெலிந்த குருதி

இது காஞ்சியின் நோய் மட்டுமன்று. தமிழகம் முழுதும் பரவிய நோய். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015–16-இல் தமிழகத்துப் பெண்டிருள் 30.9 விழுக்காட்டினர் அளவு மிஞ்சிய உடல் எடையினர். 2019–21-இல் அது 40.4 விழுக்காடாக ஏறிற்று. ஆடவருள் 28.2 விழுக்காடு 37.0 ஆயிற்று. அதே 2019–21 கணக்கெடுப்பில், 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்டிருள் 53.4 விழுக்காட்டினர் குருதிச் சோகையுற்றவர்கள். உடல் பருக்கிறது, குருதி மெலிகிறது! நிறைய உண்டும் ஊட்டமின்றி வாடுகின்ற இக்கேட்டை என்னென்பது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு 2023-இல் வெளிவந்தது. அதன்படி தமிழகத்தில் வளர்ந்தோருள் 14.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு.

இவையனைத்தும் காலையுணவொன்றால் விளைந்தவை என்று நான் சொல்லவில்லை. அங்ஙனம் சொல்வது அறிவியலாகாது. ஆனால் ஒன்றைச் சொல்வேன். நாளின் முதற்கலம் கெட்டால் அடுத்து வரும் கலங்களும் நேரமிழந்து அளவிழந்து கெடுகின்றன. தேநீரோ இன்னொரு தீங்கும் செய்கிறது. அதிலுள்ள துவர்ப்பொருள், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் தேநீரும் குளம்பியும் வேண்டா என்று 2024-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டியே கூறுகிறது. நம் வீடுகளிலோ தேநீரே உணவு. எஞ்சியதெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்வது!

சொல் போயிற்று; அளவும் போயிற்று

காலையுணவுக்கு இன்று நம்மவர் வழங்கும் பெயர் என்ன? ‘டிபன்’! இந்தியாவிலிருந்த வெள்ளையர் தம் நண்பகற் சிற்றுணவுக்கு வழங்கிய கொச்சைச் சொல் அது. அவர்கள் கப்பலேறிப் போன பின்னும், அவர்கள் எச்சில் நம் நாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையிலும் டிபன், மாலையிலும் டிபன்!

‘பெயரில் என்ன இருக்கிறது?’ என்பார்க்கு விடை சொல்வேன். சிற்றுண்டி என்னும் நம் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். சிறுமை + உண்டி. அளவு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘சிற்றுண்டி உண்டேன்’ என்று சொல்பவன், சிறிதளவே உண்ண வேண்டும் என்று தனக்குத்தானே கட்டளையிட்டுக்கொள்கிறான். டிபனுக்கு அவ்வெல்லை உண்டோ? நெய் முறுகலும் பூரியும் வடையும் இனிப்பும் ஒரே அமர்வில் உள்ளே போனாலும் அதற்கு டிபன் என்றே பெயர். சொல் போயிற்று, அதனோடு அளவும் போயிற்று.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை யாத்த முறையை நோக்குக. பத்துக் குறட்பாக்களுள் நடுவண் நிற்கும் ஆறும் உணவைப் பற்றியனவே. முன்னுண்டது செரித்ததா என்று அறிதல், அளவறிந்து உண்டல், உடலுக்கு மாறுபடாததை உண்டல் ஆகியவற்றைச் சொல்லி முடித்த பின்னரே மருத்துவனை அழைக்கிறார். நாமோ மருத்துவனில் தொடங்குகிறோம். உணவைப் பற்றி அவன் சொன்ன பிறகே கேட்கிறோம்.

முளைகட்டிய ஏமாற்று

அடுத்து, நம் பிள்ளைகளின் கையிலுள்ள குவளையைப் பார்ப்போம். ‘சத்துப் பானம்’ என்று நாம் வாங்கும் பானமாவுகள் யாவை? அவற்றுள் பெரும்பாலானவை முளைகட்டிய வாற்கோதுமையையோ கோதுமையையோ உலர்த்தி அரைத்துச் சருக்கரையும் மணமும் சேர்த்தவை. 2024 ஏப்பிரலில் இந்திய ஒன்றிய வணிகத் துறை, ‘போர்ன்விட்டா’ உள்ளிட்ட இத்தகைய பானங்களை ‘நலப்பானம்’ என்னும் பிரிவிலிருந்து நீக்குமாறு இணையவழி வணிகர்க்கு அறிவுறுத்தியது. ஏனெனில் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘நலப்பானம்’ என்றொன்று வரையறுக்கப்படவே இல்லை! அதே திங்களில் ‘ஆர்லிக்சு’ நிறுவனமும் தன் பானத்தின் மீதிருந்த ‘நல’ அடையைத் தானே கழற்றிக்கொண்டது. இத்தனை ஆண்டும் அந்த அடையை நம்பி, கூலியில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்த தாய்மார்க்கு எவர் விடை சொல்வார்?

முளைகட்டுதல் நாமறியாத கலையா? கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து இடித்துச் சலித்துக் குழந்தைக்குக் கூழாக்கி ஊட்டிய பாட்டியர் இன்னும் நம்மிடையே உயிரோடிருக்கின்றனர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு. எலும்புக்கும் பல்லுக்கும் அஃது உரம். தீட்டிய வெள்ளரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பாட்டி செய்தால் அது பட்டிக்காட்டுக் கூழ். அயலான் புட்டியில் அடைத்தால் அது சத்துப் பானம்! இந்த அடிமை மனத்திற்கு என்ன பெயரிடலாம்?

அமெரிக்கத்திலிருந்து ‘கெல்லாக்’ நிறுவனம் 1994-இல் சோள அவலை இந்தியச் சந்தையில் இறக்கிற்று. அவர்கள் அவலைக் குளிர்ந்த பாலில் இடுவார்கள். நம்மவர் சூடான பாலை ஊற்ற, அது கொழகொழத்துப் போயிற்று. அப்பொழுதேனும் நம் அவலை நாம் நினைத்துக்கொண்டோமா? நினைத்தோமில்லை, சூட்டைக் குறைத்துக்கொண்டோம்!

கச்சி கண்ட கலம்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அதில் ஒவ்வொரு நிலத்தாரும் வழிப்போக்கனுக்கு இடும் உணவு சொல்லப்படுகிறது. ஆயர் தினைச்சோற்றைப் பாலோடு தருகின்றனர். முல்லை நிலத்து உழவர் வரகுச் சோற்றில் அவரைப் புழுக்கை இட்டுத் தருகின்றனர். இன்றைய ஊட்டவியலார் என்ன சொல்கின்றனர்? கூலத்தோடு பருப்பையும் பயற்றையும் சேர்த்து உண்க. ஒன்றில் குறையும் புரதக்கூறு மற்றதில் நிறையும் என்கின்றனர். பண்டைக் காலத்து நம் உழவன் வீட்டு மனையாள் எந்தக் கல்லூரியில் இதைப் பயின்றாள்?

சாத்தனாரின் மணிமேகலை அட்சய கலத்தோடு வந்து பசிப்பிணி தீர்த்த ஊர்களுள் கச்சியும் ஒன்று. பசியை நோயென்றும், அதனைத் தீர்ப்பதை அறத்துள் தலையாயதென்றும் கொண்ட காப்பியம் நம்முடையது. அந்த ஊரில் இன்று தறிக்குழியில் பசி அமர்ந்திருக்கிறது!

காஞ்சி வரதர் கோயிலின் குடலை இட்டிலியையும் கருதுக. அரிசியும் உளுந்தும் புளித்த மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்த்து, மூங்கிற்குடலையில் மந்தாரை இலை விரித்து, ஆவியில் நெடுநேரம் வேகவைப்பது அது. கூலம், பருப்பு, புளிப்பு, ஆவி, செரிமானத்துக்கான காரம் என ஐந்தும் ஓரிடத்தில் நிற்கின்றன. படைப்பது எவர்க்காயினும் ஆகுக. அதன் சமையலறிவு இந்த மண்ணின் மக்களுடையது.

கூழின் கதை இதனினும் வருந்தத்தக்கது. தொண்டை நாட்டில் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியோடு காய்ச்சி, மோரும் சிறு வெங்காயமும் சேர்த்துக் குடித்தே உழவரும் நெசவரும் வெயிலை வென்றனர். இன்று ஆடித் திங்களில் அம்மன் கோயில் வாயிலில் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் அதே கூழை, ஆவணியில் அடுத்த வீட்டார் காணக் குடிக்க நாணுகிறோம்! ஒரு திங்கள் பத்திமை. பதினொரு திங்கள் இழிவு! கூழை நம் கலத்தினின்று அகற்றியது பஞ்சமன்று, நாணம். ‘கூழ்குடி’ என்பதை வசையாக்கியவர்கள் எவர்? உழைப்பவனையும் அவன் உணவையும் ஒருசேரத் தாழ்த்தியவர்கள். அந்த வசையை நம்பி நாமும் நாணினோம். இன்று அதே பழஞ்சோற்றை மண்சட்டியிலிட்டு உயர்தர உணவகங்கள் பன்மடங்கு விலைக்கு விற்கின்றன. நம்மவர் படமெடுத்து மகிழ்கின்றனர்.

பழமை மட்டுமே போதுமா?

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழையது என்பதனாலேயே ஒன்று நன்றாகிவிடாது. தமிழ்ப் பெயர் பூண்டதனாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. வெண்பொங்கல் தூய தமிழ்ப் பெயர். நெய் மிதக்க இரண்டு தட்டு உண்டால் தூய தமிழ்க் கொழுப்பே சேரும்! எட்டு இட்டிலியைச் சருக்கரையில் தோய்த்து உண்பவனை வரகும் காவாது, தினையும் காவாது. சிறுகூலமும் மாவுப்பொருளே, அளவு மிஞ்சினால் அதுவும் எடையாகும். பழஞ்சோறு நன்று, ஆறிய சோற்றின் மாவுப்பொருளில் ஒரு பகுதி எளிதிற் செரியாத வடிவம் கொள்வதால் குருதியில் சருக்கரை ஏறும் விரைவு தணியும். ஆனால் தூய நீரும் தூய கலமும் இன்றேல் அதுவே நஞ்சாகும். நீரிழிவு உடையவர் மருத்துவர் சொன்ன அளவையும் மருந்தையும் ‘தமிழுணவு உண்கிறேன்’ என்று சொல்லிக் கைவிடுவது பேதைமை.

இன்னொன்று. ‘உணவு’ என்று மேடையில் முழங்கிவிட்டு, கீழிறங்கியதும் பாலும் சருக்கரையும் கலந்த குளம்பியும் தாளிற் சுற்றிய பிசுகட்டும் கொண்டு கூட்டத்தை முடிக்கும் மன்றங்கள் நம்முடையவே. மொழியில் தூய்மை வேண்டுவோர்க்கு வயிற்றில் மட்டும் கலப்படம் இனிக்குமோ?

பள்ளிப் பிள்ளையின் தட்டு

ஆசிரியனாகிய எனக்கு இதில் தனிப்பட்ட கவலை உண்டு. காலை வழிபாட்டு வேளையில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளுள் ஒன்று தள்ளாடிச் சரியும். தண்ணீர் தெளித்து ‘என்ன உண்டாய்?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை ஐயா’ என்றோ ‘டீ மட்டும்’ என்றோ விடை வரும். வெறும் வயிற்றுக்கு நான் நன்னூல் நடத்தினால் அது எங்ஙனம் ஏறும்? முதற்பாட வேளையில் கரும்பலகையை நோக்கும் கண்களுள் எத்தனை பசியால் மங்கியவை என்பதை, வகுப்பறையில் நின்றவர் அறிவர்.

பள்ளியில் உணவிடும் அறத்தில் தமிழகம் எவர்க்கும் பின்னிற்கவில்லை. 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய நண்பகலுணவு, காமராசர் காலத்தில் நாடு தழுவிற்று, 1982-இல் ம.கோ.இரா. ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022 செட்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதற்கட்டமாக 1,545 அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தொடங்கப்பெற்றது. 2023 ஆகட்டு 25-ஆம் நாள் திருக்குவளையிலிருந்து தமிழகத்தின் அனைத்து அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பெற்றது. எந்தக் கட்சியின் ஆட்சியில் வந்ததாயினும் இதனை நாம் வாழ்த்த வேண்டும்; எந்தக் கட்சி ஆண்டாலும் இதனைக் காக்கவும் வேண்டும்.

வாழ்த்தியபின் கேட்க வேண்டியதையும் கேட்போம். 2022-இல் அறிவிக்கப்பெற்ற பட்டியலின்படி திங்களும் வியாழனும் உப்புமா, செவ்வாயும் வெள்ளியும் கிச்சடி, புதனன்று பொங்கல். பெயர்கள் மாறினாலும் கலத்தில் மிகுதியாக நின்றது கோதுமை ரவையும் சேமியாவுமே. அந்தந்த இடத்தில் விளையும் சிறுகூலங்களால் வாரத்தில் இரண்டு நாளேனும் சிற்றுண்டி செய்து தரவும் அதே ஆணை இடமளித்திருந்தது. இடமளித்தால் போதுமா? 2023-ஐ ஒன்றிய நாடுகள் அவை அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. உலகம் கொண்டாடிய கூலம், அதனை விளைவிக்கும் தருமபுரி, கிருட்டிணகிரி உழவனிடமிருந்து நம் பிள்ளையின் தட்டுக்கு உறுதியாக வந்து சேர வேண்டாவா? ‘தரலாம்’ என்பது ‘தர வேண்டும்’ என்றாக வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

செய்ய வேண்டுவன

பிறரைக் குறைகூறி அமைவது நம் வேலையன்று. இன்றே தொடங்கத்தக்கவை இவை.

ஒன்று: எழுந்தவுடன் தேநீர் என்னும் வழக்கத்தை ஒழிப்போம். நீரருந்துவோம், உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்து, வேண்டுமாயின், சருக்கரை குறைத்துத் தேநீர் பருகுவோம்.

இரண்டு: காலைக் கலத்தில் மூன்று இருக்கட்டும். ஒன்று கூலம்: கேழ்வரகுக் கூழோ, கம்பங்கஞ்சியோ, பழஞ்சோறோ, மூன்று இட்டிலியோ. மற்றொன்று பருப்பு அல்லது பயறு: சாம்பாரோ, சுண்டலோ, பாசிப்பயறோ; முட்டை உண்பார்க்கு முட்டை. பிறிதொன்று காய், கீரை, கனி: முருங்கைக்கீரையோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ. நெல்லியின் புளிப்பு, கீரையின் இரும்புச்சத்தை உடல் ஏற்கத் துணைசெய்யும்.

மூன்று: பசித்து உண்போம், வயிறு நிரம்பும் முன் எழுவோம். எடை குறையப் பட்டினி கிடப்பதும், பின்பு பன்மடங்கு உண்பதும் வேண்டா. தறியிலும் மேசையிலும் அமர்ந்து உழைப்போர் மணிக்கொரு முறையேனும் எழுந்து நடக்க வேண்டும்.

நான்கு: நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் காலையில் ஒரு கஞ்சிச்சாலை நடத்தட்டும். தனி முதலாளிகள் தம் நெசவாளர்க்குக் காலையுணவு வேளையையும், அவ்வேளையையும் ஈடுசெய்யும் கூலியையும் உறுதி செய்யட்டும். வயிறார உண்ணும் கூலியில்லாதவனிடம் சென்று ஊட்டம் பற்றிப் பேசுவது, பசித்தவனைப் பார்த்து ஏளனம் செய்வதாகும்.

ஐந்து: நம் மன்றக் கூட்டங்களில் இனி மோரும் சுண்டலும் கூழுமே வழங்கப்பெறுக. ‘டிபன்’ என்று எழுதிய பலகைகள் நம் தெருக்களில் எங்கெங்கு உளவோ, அக்கடைக்காரரிடம் அன்போடு சென்று ‘சிற்றுண்டி’ என்று எழுதித் தருவோம். எழுதியபின் அங்கேயே அமர்ந்து, சிறிதளவாக உண்டும் காட்டுவோம்.

தமிழன்பர்களே! மொழி நாவில் பிறக்கிறது. உணவும் நாவில்தான் தொடங்குகிறது. நோயுற்ற உடலைக் கொண்டு எந்த உரிமைப் போரும் நடத்த இயலாது. மூச்சு வாங்கும் தொண்டனும், கண் மங்கிய நெசவனும், வழிபாட்டு வேளையில் சரிந்து விழும் பிள்ளையும் உள்ள நாட்டில், ‘தமிழ் வாழ்க’ என்னும் முழக்கம் எவர் வாயினின்று ஓங்கி எழும்?

நாளை காலையே தொடங்குக. அடுப்பில் கூழ் கொதிக்கட்டும். பிள்ளையை அருகமர்த்தி, ‘இதன் பெயர் கூழ், இஃது உன் பாட்டன் உண்டது, இதை உண்ண நாணாதே’ என்று சொல்லி ஊட்டுக. ஒரு சொல்லும் ஒரு வாய் உணவும் ஒருசேர அந்தப் பிள்ளைக்குள் செல்லட்டும்.

காலைக் கலத்தை மீட்போம்! உடலை மீட்போம்! தமிழ் தானே தழைக்கும்!